கரைவலைக் கயிறும் பத்து வருசப் பழைய மணிக்கூடும்

மூன்று கிழமைக்கு முன் இந்தப் பக்கத்தில் ஒரு படம் போட்டிருந்தேன். தரையையும் தீவையும் இணைக்கிற மன்னார்த் தாம்போதியில் என்ர மனுசன் தொப்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார், கையில் கறுப்பு மணிக்கூடு. அதற்குக் கீழே நீங்கள் கேட்ட கேள்விகள் இரண்டு விதம். அந்த ஸ்மார்ட் மணிக்கூடு எப்படி, பழசு ஒன்று கிடைத்தால் நடைப்பயிற்சிக்கு வாங்கலாமா என்பது ஒன்று. மன்னார்த் தீவுக்கு இரண்டு நாள் போய்வர என்ன வழி என்பது மற்றது. இரண்டுக்கும் சேர்த்து இதிலேயே எழுதுகிறேன். ஆத்திரம் ஆறின பிறகு எழுதலாம் என்றுதான் இவ்வளவு நாளும் பொறுத்தேன். ஆறவில்லை. ஆகவே ஆத்திரத்தோடேயே வாசியுங்கோ.

முதலில் ஆள் யாரென்று சொல்லவேணும். என்ர மனுசன் யோசப்புக்கு ஐம்பத்தெட்டு வயது. வவுனியாவில் ஒரு கந்தோரில் சாரதியாக இருந்து ஓய்வுபெற்றவர். பிறந்த இடம் மன்னார்த் தீவில் ஓலைத்தொடுவாய். நான் தரைப்பக்கத்து நறுவிலிக்குளம், வயல்காரரின் பிள்ளை. கடலைக் கண்டிருக்கிறேனே தவிர, கடல் வேலை ஒன்றும் எனக்குத் தெரியாது. இரண்டு வருடத்துக்கு முன் இவருக்கு நெஞ்சுக் குழாயில் அடைப்பு வந்து ஸ்டென்ற் வைத்தார்கள். அன்றைக்கும் விடிய ஏழு மணியில் இருந்து மத்தியானம் வரைக்கும் “ஒண்டுமில்லை, வாய்வு” என்று சொல்லிக்கொண்டு கட்டிலில் கிடந்த ஆள். காலில் ஆணி ஏறினாலும் இவருக்கு ஒண்டுமில்லைதான். இப்படி ஒரு மனிசனோடு குடும்பம் நடத்துகிறவர்களுக்கு என்ர அந்தரம் விளங்கும்.

கனடாவில் இருக்கிற எங்கட மகள் நிரோஷா, “அப்பாவிட்ட கேட்டு ஒண்டும் வராது அம்மா, இதிட்டக் கேளுங்கோ” என்று தான் கட்டி ஓய்ந்த மணிக்கூட்டை அனுப்பிவிட்டாள். அந்தக் கொம்பனி முதன்முதலாக விட்ட ஸ்மார்ட் மணிக்கூடு. பத்து வருசப் பழசு. நாடித்துடிப்பைப் பார்க்கும், காலடியை எண்ணும், போனுக்கு எல்லாத்தையும் அனுப்பும் என்று சொன்னாள். அனுப்பத்தான் செய்தது. எந்த லட்சணத்தில் என்று சொல்கிறேன்.

காலை ஆறு மணிக்கு நூறு வீதம் சார்ஜ் ஏற்றிக் கட்டினால் பின்னேரம் மூன்று மணிக்கு அது செத்துப்போகும். பயிற்சி என்ற பொத்தானை அமத்தி நாடியைத் தொடர்ச்சியாகப் பார்க்க விட்டால் இரண்டரை மணித்தியாலம். தண்ணி படக்கூடாது. வாளியில் அள்ளிக் குளிக்கிற வீட்டில் தண்ணி படாத கை எங்கே கிடக்கிறது? போனை விட்டு எட்டுப் பத்து மீற்றர் விலகினால் ‘தொடர்பு இல்லை’ என்று வரும். இவர் வேலிக்குப் போனால் நான் போனைத் தூக்கிக்கொண்டு பின்னால் போகவேணும். ஒருநாள் நான் கட்டிக்கொண்டு தேங்காய் திருவினேன். இருந்த இடத்தை விட்டு அசையாமல் முந்நூற்றி நாற்பது காலடி நடந்தேனாம்! அதே மணிக்கூடு, இவர் சைக்கிளில் குளக்கட்டு வரைக்கும் போய்வந்தால், கை ஆடாத படியால், ‘நீண்ட நேரம் இருந்துவிட்டீர்கள், எழுந்து நில்லுங்கள்’ என்று சொல்லும். கோயில் பூசையில் சுவாமியார் அப்பத்தை உயர்த்துகிற எழுந்தேற்றம் நேரம், ஊரே முழந்தாளில் நிற்கிறது, இதுமட்டும் டிர்ர் என்று அதிர்ந்து எழும்பச் சொல்கிறது. சுவாமியார் திரும்பிப் பார்த்தார். கண்டறியாத மணிக்கூடு.

பிறகேன் கட்டினீர்கள் என்று கேட்பீர்கள். ஒரே ஒரு காரணம். நாடித்துடிப்பு மட்டும் சரியாக இருந்தது. கிளினிக்கில் மெசினில் எழுபத்து நாலு என்றால் இதிலும் எழுபத்து மூன்று, எழுபத்து நாலு. மூன்று தடவை ஒத்துப் பார்த்தேன், மூன்றும் சரி. அதோடு எனக்குப் பெரிய நிம்மதி. நாலு மாதம் அந்த இலக்கத்தைப் பார்த்துக்கொண்டு சீவித்தேன். காலமை எழும்பினவுடன் இவரின் முகத்தைப் பார்க்கிறதுக்கு முன்னம் போனைப் பார்ப்பேன். “என்ன செய்யுது?” என்று கேட்கிற பழக்கத்தையே விட்டுவிட்டேன். கேட்டால்தான் பொய் வருமே. இது பொய் சொல்லாது என்று நினைத்தேன், விசரி.

மன்னார்ப் பயணம் அந்த நிம்மதியில் போட்ட திட்டம். டொக்டர் தினமும் முக்கால் மணித்தியாலம் நடக்கச் சொல்லியிருந்தார். வவுனியாவில் ஒரே றோட்டில் நடந்து நடந்து இவருக்கு அலுத்துவிட்டது. மாசி மாதம் மழையும் இல்லை, கொதிக்கிற வெயிலும் இல்லை. வெள்ளிக்கிழமை வெளிக்கிட்டு ஞாயிறு திரும்புவதென்று முடிவெடுத்தோம்.

வெள்ளிக்கிழமை காலை 5.20 பஸ். ஒருவருக்கு முந்நூற்றி இருபது ரூபாய். யன்னல் பக்கம் வலது கைப் பக்கமாக இருங்கோ, வெயில் பின்னுக்குத்தான் வரும். 7.25க்குத் தாம்போதி தொடங்குகிற தள்ளாடியில் இறங்கினோம். தாம்போதியை நடந்து கடக்கவேணும் என்றது என்ர ஆசை. கொண்டக்டர், “என்னக்கா, பஸ் ரவுனுக்குப் போகுதுதானே, காசும் தந்திட்டீங்கள், இறங்குறீங்கள்?” என்று கேட்டார். நடக்கப்போறம் என்றேன். “காத்து தூக்கிக்கொண்டு போயிடும், கவனம்” என்று சிரித்துவிட்டு விசில் அடித்தார்.

காற்று என்றால் காற்று. கதைத்தால் சொல்லு வாயை விட்டு வெளியே வரமுன்னம் கடலுக்குப் போய்விடுகிறது. இரண்டு பக்கமும் ஆழமில்லாத தண்ணி, வலப்பக்கம் தண்டவாளம், தூரத்தில் சிவப்புக் காலோடு பறவைகள். அழகான நடை, எல்லாரும் கட்டாயம் நடந்து பாருங்கோ. தாம்போதி மட்டும் மூன்று கிலோமீற்றர் சொச்சம். ஐம்பத்தைந்து நிமிடம் நடந்தோம். கரைக்கு வந்து மணிக்கூட்டைப் பார்த்தால் 1.7 கிலோமீற்றர் என்கிறது! இவர் தொப்பி பறக்காமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டு நடந்தார், அது மணிக்கூடு கட்டின கை. கை ஆடவில்லை, ஆகவே ஆள் நடக்கவில்லை. “பாதியை ஆர் நடந்தது, உன்ர கொப்பனோ?” என்று மணிக்கூட்டைப் பார்த்துப் பேசினேன். இவர் சிரித்தார். நாடி மட்டும் 98. நல்ல இலக்கம். நான் திருப்தியாக இருந்தேன்.

மன்னார் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் 8.45க்குப் பிளேன்ரீயும் றோல்சும். கடைக்காரரிடம் கேட்டு மணிக்கூட்டைச் சார்ஜில் போட்டேன். “உது பிறஷர் பாக்கிற மெசினோ தங்கச்சி?” என்று கேட்டார். மணிக்கூடு என்றேன். “மணிக்கூட்டுக்கும் சாப்பாடு குடுக்கவேணுமோ!” என்றார். வாசலில் நின்ற கழுதை ஒன்று எங்கட பையை இழுத்து வாழைப்பழச் சீப்பில் நாலைத் தின்றுவிட்டது. பையை நிலத்தில் வையாதீர்கள். 10.10 பஸ்ஸில் ஓலைத்தொடுவாய், ஒருவருக்கு எண்பத்தைந்து ரூபாய், நாற்பது நிமிடம்.

தங்கினது மரியதாஸ் அண்ணை வீட்டில். அவர் இவரின் பெரியப்பா மகன், சொந்தமாகக் கரைவலை வைத்திருக்கிற சம்மாட்டி. அவற்ற மனுசி ஸ்டெல்லா அக்கா. வாயும் கையும் ஓயாத பெண்மணி. கரையில் மீனைத் தரம் பார்த்து வேறாக்கிறது, கணக்குப் பிரிக்கிறது எல்லாம் அவதான். அன்றைக்கு மத்தியானம் விளைமீன் குழம்பு வைத்தா. என்ர கையில் எப்பவும் போன் இருக்கிறதைப் பார்த்துவிட்டு, “பிள்ளையோட கதைக்கிறியோ?” என்று கேட்டா. இல்லை அக்கா, இவற்ற நாடி என்றேன். விளங்கவில்லை என்று முகத்தில் தெரிந்தது. நான் விளங்கப்படுத்தவில்லை. அதுதான் நான் விட்ட முதல் பிழை.

சனிக்கிழமை விடிய ஆறரைக்கு மரியதாஸ் அண்ணை முற்றத்தில் நின்று தலையைச் சொறிந்தார். கரைவலையை இப்பொழுது உழவு மெசினில் பூட்டின உருளைதான் இழுக்கிறது. அன்றைக்கு அந்த மெசின் பழுது. வலை ஏற்கெனவே கடலில் வளைத்துப் போட்டாச்சு. பழைய மாதிரி இரண்டு பக்கக் கயிற்றையும் ஆள் பிடித்து இழுக்கவேணும். ஆள் காணாது. அவர் இவரைக் கேட்கவில்லை, வருத்தக்காரன் என்று அவருக்குத் தெரியும். இவராகத்தான் சாரத்தை மடித்துக் கட்டினார்.

“ஒண்டும் வேண்டாம், பேசாமல் இருங்கோ” என்றேன்.

“அரை மணித்தியாலம். நடக்கிற மாதிரித்தான். ஒரு கயிறில பதினைஞ்சு பேர் பிடிக்கிறம், எனக்கு என்ன பாரம் வரப்போகுது?” என்றார். அவர் கண்ணில் ஒரு சந்தோசம். இரண்டு வருடமாக ஒரு அரிசிமூட்டை தூக்க விடாமல் வைத்திருந்த ஆள்.

நான் மணிக்கூட்டைப் பார்த்தேன், எண்பத்தெட்டு வீதம் சார்ஜ். “சரி. பயிற்சியைப் போட்டுவிடுறன். நான் கரையில இருந்து பாத்துக்கொண்டிருப்பன். நூற்றிப் பத்துக்கு மேல போனால் நிப்பாட்டுவன்” என்றேன். அந்தக் கோதாரி விழுந்த மணிக்கூடு இல்லாவிட்டால் நான் ஓம் என்று சொல்லியே இருக்க மாட்டேன். இதை நல்லா நினைவில் வையுங்கோ. ‘பாதுகாப்புக்காக’ என்று வாங்குகிறீர்களே, அது எனக்குத் தந்தது பாதுகாப்பு இல்லை, துணிச்சல்.

அவர் கரைக்குப் போனார். நான் போனுக்குச் சார்ஜ் காணாதென்று வீட்டில் கால் மணித்தியாலம் நின்றுவிட்டு, 7.05க்குத்தான் போனேன். ஸ்டெல்லா அக்கா பனைக்குக் கீழே கூடைகளோடு இருந்தா. வெயிலுக்கு ஆம்பிளைச் சேட்டு ஒன்றைச் சட்டைக்கு மேலே போட்டு, கையை மணிக்கட்டு வரைக்கும் பூட்டியிருந்தா. நான் அவவுக்குப் பக்கத்தில் இருந்து போனைத் திறந்தேன். 78.

இவர் எங்களிடம் இருந்து அறுபது மீற்றர் தள்ளி, தண்ணி ஓரத்தில், கயிற்றில் ஐந்தாவது ஆளாக நின்றார். ஏலேலோ போட்டு இழுத்தார்கள். இரண்டு அடி பின்னுக்கு, ஒரு மூச்சு, இரண்டு அடி பின்னுக்கு. கால் மணலில் புதையப் புதைய முழு உடம்பாலும் சாய்ந்து இழுக்கிற வேலை அது. நடக்கிற மாதிரியாம்! ஆனால் போனில் 80. 79. 81. ‘இவ்வளவு தூரத்திலும் தொடர்பு அறாமல் வருகுதே, கடற்கரையில் மறைப்பு இல்லைப்போல’ என்றுகூட நினைத்துச் சந்தோசப்பட்டேன். வீட்டில் வேலிக்குப் போனாலே அறுகிற தொடர்பு. அந்த இடத்தில் ஒரு நிமிடம் மூளையைப் பாவித்திருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையே இல்லை.

7.30 போல இவர் ஒரு கையைக் கயிற்றில் இருந்து எடுத்து, நெற்றியைத் துடைத்துவிட்டு, என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் போனைப் பார்த்தேன். 80. கையை உயர்த்தி, நல்லாயிருக்கு என்று ஆட்டிக் காட்டினேன். அவர் திரும்பிக் கயிற்றைப் பிடித்தார்.

பத்து நிமிடம் கழித்துத் திரும்பவும் பார்த்தார். இந்தமுறை கொஞ்ச நேரம் பார்த்தார். 79. நான் எழும்பி நின்று, கை இரண்டையும் வாயில் குவித்து, “எண்பதுதான்! நல்லாயிருக்கு! இழுங்கோ!” என்று கத்தினேன். ஸ்டெல்லா அக்கா என்னை ஒரு மாதிரிப் பார்த்தா. மீன் பார்க்கிற பார்வை என்று விட்டுவிட்டேன்.

மூன்றாம் முறை பார்க்கும்போது நான் அவரைப் படம் எடுத்துக்கொண்டு நின்றேன். அந்தப் படம் இன்னும் என்ர போனில் கிடக்கிறது. பெரிதாக்கிப் பார்த்தால் முகம் சாம்பல் நிறம். குழந்தைக்கும் தெரியும். எனக்கு அப்போது தெரியவில்லை, ஏனென்றால் நான் படத்துக்கு மேலே வந்த இலக்கத்தைப் பார்த்தேன்.

7.52க்கு முழந்தாளில் விழுந்தார். கயிறு கையில் இருந்தபடி.

ஸ்டெல்லா அக்காதான் முதலில் ஓடினா, “ஐயோ தம்பி!” என்று கத்திக்கொண்டு. நான் பின்னால் ஓடினேன், அப்பவும் போன் கையில். போனில் 104, 118, 127 என்று ஏறுகிறது. ‘இப்பத்தான் கூடுது, இப்பத்தான் கூடுது’ என்று நான் கத்தினதாக மரியதாஸ் அண்ணை பிறகு சொன்னார். கூடினது எனக்கு முன்னால் ஓடின மனுசியின் நாடி. எனக்கு அது தெரியாது.

அவரைத் தூக்கி ஓட்டோவில் போட்டார்கள். மன்னார் ஆஸ்பத்திரிக்குப் பதினாலு கிலோமீற்றர், இருபத்திரண்டு நிமிடம். ஓட்டோக்காரத் தம்பி கோண் அடித்த அடியில் கழுதை, மாடு எல்லாம் விலகின. ஓட்டோ வெளிக்கிட்டு ஊர் எல்லை தாண்டவில்லை, போனில் ‘தொடர்பு இல்லை’ என்று வந்தது. ஆள் என்ர மடியில் கிடக்கிறார், போன் கையில் இருக்கிறது, தொடர்பு இல்லையாம். அப்பதான் அவரின் இடது கையைத் தூக்கிப் பார்த்தேன். நாலு மாதம் வெயில் படாத இடம் வெள்ளையாக, வட்டமாக இருந்தது. மணிக்கூட்டைக் காணவில்லை.

அந்த ஓட்டோவில் நான் சொன்ன சொற்களை இங்கே எழுத முடியாது. ஓட்டோக்காரர், “அக்கா, செபத்தைச் சொல்லுங்கோ, ஏசாதேங்கோ” என்றார். ஆஸ்பத்திரி வாசலில் காசு நீட்டினேன், கையைத் தட்டிவிட்டுத் தள்ளுவண்டி எடுக்க ஓடினார். கடவுள் அவரை நல்லாக வைத்திருக்கவேணும்.

மாரடைப்புத்தான். நேரத்தோடு வந்தபடியால் ஊசியும் மருந்தும் ஏறிவிட்டது, உயிருக்கு இனிப் பயமில்லை என்று பதினொரு மணிக்கு டொக்டர் வந்து சொன்னார். “நெஞ்சு நோகுது எண்டு முதல் எப்ப சொன்னவர்?” என்று கேட்டார். சொல்லவேயில்லை என்றேன். “நீங்கள் பாக்க ஏதும் தெரியேல்லையோ?” என்றார். மெதுவாகத்தான் கேட்டார்.

பின்னேரம் ஐந்து மணிக்குப் பார்வையாளர் நேரம். ஸ்டெல்லா அக்கா ஒரு கையில் மணிக்கூடும் மற்றக் கையில் பொலித்தீன் பையில் ஐஸ் போட்ட இரண்டு பாரை மீனுமாக வந்து நின்றா. நேர்ஸ் பிள்ளை மூக்கைப் பொத்திக்கொண்டு, “அம்மா, மீனை வாட்டுக்குள்ள கொண்டு வரேலாது” என்றா. “இது அவன்ர பங்கு பிள்ளை. கயிறு பிடிச்சவனுக்குப் பங்கு குடுக்காமல் நாங்கள் சாப்பிடேலாது” என்று அக்கா வாதாடினா. கடைசியில் பை வாசலுக்கு வெளியே போனது.

நான் மணிக்கூட்டைப் பார்த்தேன். “இது ஏன் உங்களிட்ட அக்கா?”

“கயிறு பிடிக்கிற ஆக்கள் மணிக்கூடு, மோதிரம் ஒண்டும் போடேலாதே. கயிறில மாட்டினால் கை போயிடும். எல்லாற்றையும் என்னட்டத்தான் தாறவை. மண்ணில வச்சால் துலைஞ்சிடும் எண்டு நான் கையில கட்டிக்கொள்ளுறனான்.” சேட்டுக் கையை முழங்கை வரைக்கும் சுருட்டிக் காட்டினா. வரிசையாக மூன்று மணிக்கூட்டுத் தழும்பு. “யோசப் தரேக்க, தண்ணி படக்கூடாது அக்கா எண்டவன். அதுதான் நல்லா உள்ளுக்கு விட்டுக் கட்டினனான்.”

நான் எண்பது, எண்பது என்று கும்பிட்டுக்கொண்டிருந்தது என்ர பக்கத்தில் பனைக்குக் கீழே இருந்த அக்காவின் நாடியை. அழுவதா சிரிப்பதா? நான் கத்தினேன். “அவர் ஏலாமல் நிண்டதை நீங்கள் கண்டனீங்களோ?”

“கண்டனான். எல்லாரும் கண்டதுதான். முகம் செத்துப்போச்சு.”

“பிறகேன் அவரை விடச்சொல்லேல்லை?”

அக்கா என்னை விளங்காமல் பார்த்தா. “கயிறு பிடிச்சவன் வலையின்ர மடி கரைக்கு வருமட்டும் தானா விடேலாது தங்கச்சி. அது பெரிய வெக்கக்கேடு, மற்றவனில பாரத்தைப் போட்டிட்டுப் போறமாதிரி. வீட்டுக்காரி வந்து கூப்பிட்டால் விடலாம். பிள்ளை அழுகுது, அடுப்பு எரியுது எண்டு என்னத்தையாவது சொல்லிக் கூப்பிட்டால் காணும், ஒருத்தரும் ஒண்டும் கேக்க மாட்டினம். ஏலாமல் போறவன் அப்பிடித்தான் வீட்டுப்பக்கம் பாப்பான். அவன் உன்னை மூண்டு தரம் பாத்தவன்.”

“நீங்கள் கூப்பிட்டிருக்கலாமே!”

“நான் அவன்ர வீட்டுக்காரி இல்லையே. நீ போனைப் பாத்துப் பாத்துக் கையைக் காட்டினாய். டொக்டரிட்டக் கேட்டுக் கேட்டுச் சொல்லுறாய் எண்டு நினைச்சிட்டன்.” அவவும் அழுதா.

அடுத்தநாள் காலை அவர் கதைக்கிற அளவுக்கு வந்தார். நோயாளியோடு சண்டை பிடிக்கக்கூடாது என்று எனக்குத் தெரியும். பிடித்தேன். “மணிக்கூட்டைக் கழட்டிக் குடுத்ததை ஏன் என்னட்டச் சொல்லேல்லை? நான் எண்பது எண்டு கத்தினது கேட்டதுதானே?”

“என்னத்தையோ கத்தினீர். காத்துக்க விளங்கேல்லை. கையைக் காட்டினது தெரிஞ்சுது.”

“அதுக்கு, சாகிற மாதிரி இருந்தும் இழுக்கிறதோ? நான் அந்த மணிக்கூட்டைப் பாத்தெல்லோ கையைக் காட்டினனான்!”

தலையணையில் தலையைத் திருப்பிச் சொன்னார்: “நீர் மணிக்கூட்டையோ பாத்தனீர்? நான், என்னைப் பாக்கிறீர் எண்டெல்லோ நினைச்சன்.”

அவர் குற்றமாகச் சொல்லவில்லை. சும்மா, புதினம் கேட்கிற மாதிரிக் கேட்டார். குற்றமாகச் சொல்லியிருந்தால் நானும் திருப்பிப் பேசியிருப்பேன். வாட்டுக்கு வெளியே போய், கழுவுகிற தொட்டியடியில் நின்று என்ர தலையில் நானே அடித்துக்கொண்டேன். அவர் மூன்று தரம் கேட்டார். முப்பது வருடக் குடும்பத்தில் முதல்தரம் ‘எனக்கு ஏலாது’ என்று ஒரு சொல்லும் இல்லாமல் கேட்டார். நான் மூன்று தரமும் இழு என்றேன்.

இப்போது உங்கட கேள்விகளுக்கு. மன்னாருக்குப் போகிறவர்கள் மாசி, பங்குனியில் போங்கோ. தாம்போதியை எட்டு மணிக்குள் நடந்து முடியுங்கோ, தொப்பிக்கு நாடாக் கட்டுங்கோ, ஆளுக்கு ஒரு லீற்றர் தண்ணி வேணும். ஓலைத்தொடுவாயில் இருந்து திரும்புகிற பஸ் பின்னேரம் குறைவு, நேரத்தைக் கொண்டக்டரிடம் கேட்டு வையுங்கோ. கரைவலை இழுக்கிற இடத்தில் உங்களையும் கூப்பிடுவார்கள். சுகதேகி என்றால் பிடியுங்கோ, அருமையான வேலை, பங்கு மீனும் வரும். மோதிரம், மணிக்கூடு கழட்டிக் குடுங்கோ. நெஞ்சு வருத்தக்காரர் கயிற்றடிக்கே போகவேண்டாம். ஆர் போனாலும் கூட ஒருவர் பக்கத்தில் நில்லுங்கோ. அறுபது மீற்றர் தள்ளிப் பனைக்குக் கீழே இல்லை, பக்கத்தில்.

மணிக்கூட்டைப் பற்றி: தேங்காய் திருவினால் காலடி எண்ணுகிற, தாம்போதியில் பாதியை விழுங்குகிற பழைய மணிக்கூட்டுக்கு ஒரு சதமும் குடுக்காதீர்கள். புதுசு நல்லாயிருக்கும் என்று எழுத வராதீர்கள், எனக்குக் கொதி வரும். புதுசையும் ஸ்டெல்லா அக்கா கையில்தான் கட்டியிருப்பா. நிரோஷா போன கிழமை எடுத்து, “அம்மா, புது மொடல் ஈசிஜியும் எடுக்கும், அனுப்பட்டே?” என்று கேட்டாள். “அந்தக் காசுக்கு ரிக்கெற் எடுத்துக்கொண்டு வந்து கொப்பாவுக்குப் பக்கத்தில ரெண்டு கிழமை இரு” என்று பேசிவிட்டுப் போனை வைத்தேன். பாவம் பிள்ளை, அவளில் பிழையில்லை. பிறகு நானே எடுத்துச் சமாதானப்படுத்தினேன்.

நேற்றுப் பின்னேரம் காஸ் சிலிண்டர் கொண்டுவந்து வாசலில் இறக்கிவிட்டுப் போனார்கள். ஒரு வாளி தண்ணிகூடத் தூக்கக்கூடாது என்று டொக்டர் சொல்லி அனுப்பின மனிசன், நான் குசினியில் நிற்கிற நேரம் பார்த்து அதைச் சரித்து உருட்டத் தொடங்கிவிட்டார். விறாந்தையில் இரும்பு உருள்கிற சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தேன். முதுகுதான் தெரிந்தது. நாடி எத்தனை என்று எனக்கு என்ன தெரியும்?

“இஞ்சாருங்கோ, விட்டிட்டு வாங்கோ!” என்று கத்தினேன்.

சிலிண்டரை நடு விறாந்தையில் அப்படியே நிமிர்த்தி வைத்துவிட்டு வந்து குசினிக் கதிரையில் இருந்தார். நான் அவரின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நான் கேட்காமலே, “மூச்சு வாங்குது” என்றார்.